ஆடிக் காற்றுக்கு மேலே வீசும் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இப்பகுதிகளில் வாழும் நமக்கு அதன் உண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியிலும் ஆடியிலும் வீசும் மேல்காற்று களத்தில் தூற்றும் நெல்லைப் பதரோடு சேர்த்து வாரிக்கொண்டு போகிறது; விடியற்காலையில் தெருவில் நீட்டிய பாவின் இழைகளைச் சிக்காக்கிவிடுகிறது. வங்கக் கடலும் அம்மாதங்களில் போதிய அளவு சூடாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் நம்மைப் பதறச் செய்யும் புயல் ஆடியில் வருவதில்லை. மேல்காற்று அடங்கி, புழுக்கம் தணிந்து, ஐப்பசி பிறந்த பின்னரே வருகின்றது. காற்று மிகுந்த மாதத்தில் புயல் இல்லை. காற்று ஓய்ந்த மாதத்தில் புயல் உண்டு. இதற்குக் காரணம் யாது என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு.

இக்கேள்விக்கு விடை கடலிலும் இல்லை, தரையிலும் இல்லை. நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

காற்று என்றால் மேனியில் படுவதை மட்டுமே நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஆகாயத்தில் ஒரே வேளையில் பல காற்றுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு திசையில் வீசிக்கொண்டிருக்கின்றன. இதைக் கண்டறியக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. ஆடியில் ஒரு நாள் காலை மண்ணூர் வயல்வெளியில் நின்று பாருங்கள். தொழிற்சாலைப் புகை கிழக்கே சாயும். பஞ்சுப் பொதி போன்ற தாழ்ந்த மேகங்களும் மேற்கிலிருந்து கடலை நோக்கி ஓடும். அம்மேகங்களின் இடைவெளியில், மிக உயரத்தில், கோழியிறகு போன்ற மெல்லிய வெண்கீற்றுகள் தென்படுமாயின், ஒரு மின்கம்பத்தின் உச்சியோடு ஒட்டிவைத்து அவற்றைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். அவை எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதைக் காணலாம். தொலைவின் காரணமாக ஊர்வதுபோல் தோன்றினும், பல நாள்களில் அவை மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் முன்னோர் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டு வழங்கினர். அந்த வழக்கிலேயே சொல்வதானால், ஆடியில் நமது ஊருக்கு மேல் கோடை கீழ்த்தளத்திலும் கொண்டல் மேல்தளத்திலுமாக ஒருங்கே வீசுகின்றன. ஏறத்தாழ 6 அல்லது 7 கி.மீ. உயரம் வரை கோடையின் ஆட்சி. அதற்கு மேல் கொண்டலின் ஆட்சி. 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் அந்தக் கொண்டல் உச்ச வேகத்தை அடைந்து, இரு கரைகளுக்குள் அடங்கிய பேராறு போல, தென்சீனக் கடற்பக்கத்திலிருந்து தென்னிந்தியாவைக் கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கா வரை ஓடுகிறது. அதன் நடு ஓட்டம் பெரும்பாலும் நம் சென்னை வட்டாரத்தின் மேலேயே அமைகிறது என்பது பலரும் அறியாத செய்தி.

இவ்வளவு உயரத்தில் காற்று எத்திசையில் ஓடுகிறது என்பதை மனிதர் அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். முதல் தடயம் ஓர் எரிமலையால் கிடைத்தது. 1883 ஆகஸ்ட் 27 அன்று சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிரகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதத்தின் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றி மக்களைத் திகைக்க வைத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்து எழுதினார்; பின்னாளில் கொடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தவரும் அவரே. எரிமலைத் தூள் மேற்கு நோக்கி ஓடி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பூகோளத்தையே ஒருமுறை சுற்றி வந்தது என்று பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளை ஒப்பிட்டு அறிந்தனர். அந்தத் தூளைச் சுமந்த காற்று நாம் இங்கே பேசும் காற்றினும் உயரமானது. ஆயினும் மேலே ஒரு கொண்டல் உண்டு என்பதை நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்து மக்கள் தம் கண்ணாலேயே கண்டுவிட்டனர்.

பின்னர்க் கருவிகள் கட்டிய பலூன்கள் பறக்கவிடப்பட்டன. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சர் சி. வி. இராமனிடம் பயின்ற டாக்டர் கே. ஆர். இராமநாதன், ஆக்ராவிலிருந்து அனுப்பிய பலூன்களின் குறிப்புகளைக் கொண்டு, பூமியின் மேல் 25 கி.மீ. உயரம் வரை உஷ்ணம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை 1929இல் வெளியிட்டார். துருவங்களின் மேலுள்ள உயர்ந்த ஆகாயத்தைக் காட்டிலும், பூமத்திய ரேகையின் மேலுள்ள உயர்ந்த ஆகாயமே குளிர்ந்தது என்னும் வியப்பான செய்தி அதில் இருந்தது. ஆடியில் ஓடும் கொண்டற் பேராற்றை இன்னதென்று வரையறுத்து உலகுக்கு எடுத்துரைத்தவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். ஸ்வீடனிலிருந்து வெளிவரும் டெல்லஸ் என்னும் ஏட்டில் 1958இல் அவரது கட்டுரை வந்தது. பிற்காலத்தில் அவரே அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இக்காற்று ஏன் ஓடுகிறது? காரணம் இமயத்துக்கு அப்பால் இருக்கிறது. திபெத்துப் பீடபூமி சராசரி 4 கி.மீ.க்கு மேல் உயர்ந்த நிலம். கோடை வெயிலில் அது காயும்போது, தரையோரக் காற்றை அன்றி நடு ஆகாயத்துக் காற்றையே நேராகச் சூடேற்றுகிறது. ஓர் அடுப்பை மாடியில் ஏற்றி வைத்தாற்போல. வடநாட்டிலும் வங்கக் கடலின் வடபாகத்திலும் பெய்யும் பருவமழையிலிருந்து வெளிப்படும் வெப்பமும் அதனோடு சேர்கிறது. சூடான காற்று விரிந்து உயரமாக நிற்கும். குளிர்ந்த காற்று குறுகித் தணிந்து நிற்கும். ஆகவே 15 கி.மீ. உயரத்தில் வடக்கே அழுத்தம் கூடுதலாகவும், தெற்கே பூமத்திய ரேகைப் பக்கம் குறைவாகவும் ஆகிவிடுகிறது. காற்று வடக்கிலிருந்து தெற்கே புறப்படுகிறது. ஆனால் பூமி சுழல்வதால், நமது வடபாதிக் கோளத்தில் ஓடும் காற்று எதுவும் தன் வலப்பக்கம் திரும்பும் இயல்புடையது. தெற்கு நோக்கி நின்று உங்கள் வலக்கையை நீட்டிப் பாருங்கள். அது மேற்கைக் காட்டும். தெற்கே புறப்பட்ட காற்று மேற்கே ஓடுவது இவ்விதமே.

ஆனி முதல் புரட்டாசி முற்பகுதி வரை இவ்வோட்டம் நிலைக்கிறது. புரட்டாசி கழியும்போது திபெத்து குளிர்ந்துவிடுகிறது. ஓட்டம் தளர்ந்து மறைகிறது. குளிர்காலத்தில் அதற்கு மாறாக, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேறொரு பெருங்காற்று இமயத்தின் தென்புறமாக வடநாட்டின் மேல் வந்து அமர்கிறது. பஞ்சாபின் கோதுமைக்கு மார்கழி, தை மாத மழை கொடுக்கும் கலக்கங்கள் அதன் வழியே வருகின்றன. நமது பயிருக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு.

இப்பொழுது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். புயல் என்பது கடல்மட்டத்திலிருந்து 15 கி.மீ. வரை ஓங்கி நிற்கும் ஒரு காற்றுக் கோபுரம். கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மழைத்துளியாகும்போது வெளிவிடும் வெப்பமே அதற்கு விறகு. அவ்வெப்பம் சிதறாமல் சுழியின் நடுவே, செங்குத்தாக, ஓரிடத்தில் சேர வேண்டும்; சேர்ந்தால்தான் அழுத்தம் மேலும் குறைந்து சுழற்சி வலுக்கும். ஆடியில் என்ன நேர்கிறது? கோபுரத்தின் அடியைக் கோடைக் காற்று கிழக்கே தள்ளுகிறது. முடியைக் கொண்டற் பேராறு மேற்கே இழுக்கிறது. வைக்கோற்போர் ஒன்றின் அடியை ஒருவர் ஒரு பக்கமும், உச்சியை மற்றொருவர் மறுபக்கமும் இழுத்தால் போர் எப்படி நிற்கும்? சேர வேண்டிய வெப்பம் நூற்றுக்கணக்கான கி.மீ. தூரம் சிதறிப் போகிறது. ஆடி, ஆவணியில் ஒடிசா, வங்காளக் கரைகளை ஒட்டித் தாழ்வு மண்டலங்கள் உண்டாகின்றனவே எனின், உண்மைதான். அவை வடநாட்டுக்கு நல்ல மழையும் தருகின்றன. ஆயினும் புயலாக முதிர்வது அரிது. மேற்காற்று மறையும் ஐப்பசி, கார்த்திகையிலும், அது தோன்றுவதற்கு முந்திய சித்திரை, வைகாசியிலும்தான் வங்கக் கடலில் பெரும்புயல்கள் உருவாகின்றன.

ஆடியில் நமக்குப் புயல் இல்லையே தவிர, இடிமழை உண்டு. சொர்ணவாரி நெல் அறுவடையாகிக் களத்தில் கிடக்கும் ஆடி, ஆவணி மாலைகளில் திடீரென்று கொட்டித் தீர்க்கும் மழையால் நம் பகுதி விவசாயிகள் அடையும் நஷ்டம் சிறிதன்று. பகல் முழுவதும் தரை காய்ந்து, பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உட்புகுந்து மேல்காற்றோடு மோதும்போது காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. இம்மேகங்களில் பல, நமக்கு மேற்கே தோன்றி, நடுத்தளக் காற்றின் போக்கில் கிழக்கே கடலை நோக்கி வருகின்றன.

இங்கே உயரத்துக் காற்று ஒரு சூதைச் செய்கிறது. இடிமேகத்தின் உச்சி 15 கி.மீ. உயரத்தை எட்டியதும் மேலே ஓடும் கொண்டல் அதைப் பற்றி மேற்கே இழுத்துப் பந்தல்போல் விரித்துவிடும். மேகத்தின் அடி நம்மை நோக்கி வருகிறது. அதன் பந்தலோ நமக்கு எதிர்ப்புறமாகப் பின்னோக்கி விரிகிறது. ஆதலால் வானம் முன்கூட்டி மங்குவதில்லை; வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே கருஞ்சுவர்போல் எழுந்து நிற்கும் மேகம் சிறிது நேரத்தில் களத்தின்மேல் இறங்கிவிடுகிறது. இதற்கு மாறாக, கிழக்கே சென்னைப் பக்கமிருந்து உயரமான சாம்பல் விரிப்பொன்று மெல்ல வந்து வெயிலை மறைக்குமாயின், அது பெரும்பாலும் கடலோரத்தில் பெய்துகொண்டிருக்கும் மேகத்தின் வால். அதைக் கண்டு அஞ்சி நெல்லை அள்ளிய பிறகு ஒரு துளியும் விழாமற் போனதை நம்மில் பலர் அனுபவித்திருப்பர். சுருங்கச் சொன்னால், ஆடியில் கிழக்கே மூடும் வானத்தைவிட, மேற்கே விளிம்பு தெளிந்து ஓங்கும் மேகத்தையே கவனிக்க வேண்டும். இது எல்லா நாளும் தவறாத விதி என்று நாம் சொல்லவில்லை. இடிமேகங்கள் சில நாள் தெற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதுண்டு.

ஐப்பசிக்கு வருவோம். வானிலைத் துறையின் கணக்குப்படி வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குரிய சராசரி நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இதன் பின் வரும் வாரங்களில்தான் கிடைக்கிறது. இப்போது கொண்டல் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது. கொண்டல் என்னும் சொல்லுக்குக் கீழ்க்காற்று என்றும் மழைமேகம் என்றும் இரு பொருள் இருப்பது இப்பருவத்தை நோக்கியே போலும். ஈரத்தைக் கொண்டுவருவது கீழ்க்காற்றின் வேலை. வந்த ஈரம் பெருமழையாவதற்கு மேலே உள்ள காற்று விரிந்து விலகி இடங்கொடுக்க வேண்டும். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் அடுப்பு எரியாது அன்றோ?

இடங்கொடுப்பதோடு மேற்காற்றின் வேலை முடிவதில்லை. புயலை நடத்திச் செல்வதும் அதுவே. வாய்க்கால் நீரில் தோன்றும் சுழியை நினைத்துப் பாருங்கள். சுழி தானே சுழல்கிறது. ஆனால் தானே நடப்பதில்லை. நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகிறது. புயலும் அத்தகையதே. அதைச் சூழ்ந்து நடு ஆகாயத்திலும் அதற்கு மேலும் ஓடும் காற்றே அதற்கு நீரோட்டம். ஓட்டம் வலுவாகவும் ஒரே திசையிலும் இருந்தால் புயல் விரைந்து வந்து விரைந்து போகும். வடக்கே ஒரு காற்று மேற்கே தள்ள, மற்றொன்று கிழக்கே இழுக்க, இரண்டும் சமமாகிவிட்டால் புயல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த வேறுபாடு நமக்கு எத்தனை பெரிதென்பதை அண்மை ஆண்டுகள் காட்டியுள்ளன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் பல நாள் இல்லை. ஆயினும் பிற்பகலில் கரை கடந்த அது, நிற்காமல் உள்நாட்டுக்குள் போய் வலுவிழந்தது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் நம் கரையைக் கடக்கவே இல்லை; 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை ஏறியது. ஆனால் அதற்கு முன் 3, 4 தேதிகளில் சென்னைக்கு அப்பால் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்ததால், சென்னையும் புறநகரும் நீரில் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தில் வர்தாவுக்கு ஈடன்று. எனினும் கரை ஏறிய பின் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. நம் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீரும் சேரும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அன்று பெயர் சூட்டிய புயல் எதுவும் கடலில் இல்லை.

ஆகையால் வானிலை அறிவிப்பைக் கேட்கும் முறையை நாம் சற்று மாற்றிக்கொள்ளுதல் நலம். "வளிமண்டல மேலடுக்கு சுழற்சி" என்னும் தொடரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேளாதவர் இல்லை. பொருளை நினைத்தவர் குறைவு. தரையில் நம்மால் உணர முடியாத உயரத்தில் காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதே அதன் பொருள். அறிவிப்பில் கடல்மட்டத்திலிருந்து 1.5 கி.மீ., 3.1 கி.மீ., 5.8 கி.மீ. என்று உயரமும் சொல்லப்படும். அந்த எண்ணைக் காதில் வாங்குங்கள். ஏதோ ஒரு தளத்தில் மட்டும் நிற்கும் சுழற்சி ஆங்காங்கே தூறலோ இடிமழையோ தந்து போகலாம். தாழ்ந்த தளம் தொடங்கி 5.8 கி.மீ. வரை நீண்டு நிற்கும் சுழற்சி, கடலின் மேலும் இருக்குமாயின், அது வளரக்கூடியது. அடுத்த இரண்டு மூன்று நாளுக்குப் பாவுக்குக் கஞ்சி ஏற்றும் வேலையை ஒத்திப்போடுவதும், அறுத்த கதிரை அடித்துவிடுவதும் தக்கது.

புயல் அறிவிப்பிலோ, பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடுவது சுழற்காற்றின் வேகத்தையே. நம் கருத்தில் அங்கத்தினர் கேட்க வேண்டிய எண் வேறு. புயல் மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்பதே அது. மணிக்கு 15, 20 கி.மீ. என்றால் கூரையையும் மரத்தையும் வாழையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைக்கு அருகே வந்த பின் அந்த எண் 5க்குக் குறைந்து, அடுத்தடுத்த அறிவிப்புகளிலும் அப்படியே இருக்குமாயின், அஞ்ச வேண்டியது தண்ணீருக்கு. குழித்தறி வைத்திருப்போர் நூலையும் அறுத்தெடுக்காத சேலையையும் உயரத்தில் ஏற்றி, குழியில் ஊறும் நீரை இறைக்க வழி செய்துகொள்ள வேண்டும். ஏரிப் பாசன விவசாயிகள் கலங்கல் பக்கத்து அடைப்பை அன்றே நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் அறியத் துணைசெய்யும் பலூன்கள் இன்றும் மீனம்பாக்கத்திலிருந்து அனுப்பப்படுகின்றன. அதிகாலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் உலகெங்கும் ஒரே வேளைக்கு உரியதாக எடுக்கப்படும் அளவுகள் இவை. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் உயரும் பலூன், ஆடியில் முதலில் கிழக்கே கடற்பக்கம் சாய்ந்து, அரைமணி நேரத்துக்குள் மேற்கே திரும்பி, ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கொண்டற் பேராற்றை அடைகிறது. காற்றழுத்தம் தரையிலிருப்பதில் எட்டில் ஒரு பங்காகவும், குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 70 டிகிரி அளவாகவும் உள்ள இடம் அது. மேலும் உயர்ந்து, ஊதிப் பெருத்து, வெடித்து, கட்டியிருக்கும் சிறு பெட்டி தரைக்கு இறங்குகிறது. வயல் வரப்பிலோ ஏரி உள்வாயிலோ கிழிந்த ரப்பரும் நூலும் வெண்மையான சிறு பெட்டியும் கிடக்கக் கண்டால் அச்சப்பட வேண்டாம். அது வெடிப்பொருள் அன்று. பெட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள்.